புஷ்பராணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
12.2.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

வள்ளிநாயகி எழுதுவது. நானும் இவரும் சுகம். இவருக்குச் சீனி மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு பந்தல் விடாமல் நின்று சர்பத் குடித்தால் ஏறாமல் என்ன செய்யும்? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் கடிதத்தைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். மூன்று வருடமாக வாழ்த்து அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியவர், திடீரென்று ஆறு பக்கம் எழுதினால் தங்கை என்ன நினைப்பாள்? அதிலும் போனில் பேசாதே, கம்ப்யூட்டர் வழியாக எழுதாதே, காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டளை வேறு. நீங்கள் குற்றவியல் பேராசிரியர். இண்டர்நெட்டில் கூட்டம் சேர்ந்து வன்மம் வளர்க்கிறவர்களையும், யார் யார் துரோகி என்று பட்டியல் போடுகிறவர்களையும் ஆராய்கிறவர். சொன்னால் காரணம் இருக்கும். எனக்கும் காகிதம்தான் வசதி. வக்கீல் ஆபீசில் இருபத்தாறு வருடம் கிளார்க் வேலை பார்த்த பழக்கத்தில், வீட்டுக் கடிதத்துக்கும் அடியில் கார்பன் வைத்துத்தான் எழுதுகிறேன். இவர் பார்த்துச் சிரிக்கிறார்.

புஷ்பராணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சித்தப்பா மகள்மேல் இப்போதாவது பாசம் வந்ததே, சந்தோஷம். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகிவிட்டது. புருஷன் போய் ஐந்து வருடம். பிள்ளை குட்டி இல்லை. பாயான் பாருவில் அதே அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறாள். எலெக்ட்ரானிக் கம்பெனியில் இப்போது லைன் லீடர். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது தம்பி விநாசித்தம்பி ஒருவன்தான். சண்டையில் ஊரைவிட்டு வன்னிக்குப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறான். அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு இந்த வருடம் பால்குடம் எடுத்தாள். வெயிலில் கால் கொப்பளித்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
வள்ளிநாயகி


லீட்ஸ்
3.3.1996

அன்புத் தங்கை வள்ளிக்கு,

நாங்கள் இருவரும் நலம். இங்கே இன்னும் பனி விடவில்லை. மாப்பிள்ளையைச் சர்பத் பக்கம் போக விடாதே.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீ எழுதினால் ஆட்கள் எதிரே வந்து நிற்கிறார்கள். நான் முப்பது வருடமாகக் கட்டுரை எழுதுகிறேன், அந்தக் கை எனக்கு வரவில்லை.

என் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கவனித்துவரும் இண்டர்நெட் மடற்குழுவில் நானூறு பேர் இருக்கிறார்கள், ஒருவர் எழுதும் மடல் எல்லாருக்கும் போகும். பல நாடுகளில் இருந்து எழுதுகிறார்கள். ஒருவரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. பாதிப் பேர் ஊர் நினைவில் வந்தவர்கள். ஒரு முப்பது பேர்தான் ஆபத்தானவர்கள். யாரை மிரட்ட வேண்டும், யாரை ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் அங்கே பேசி முடிப்பது எங்கோ ஒரு தெருவில் நடந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், புதிதாக ஒருவர் வந்தால் கொள்கை என்ன என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஊர், எந்தக் கோயிலடி, யாருடைய பிள்ளை என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணம் பேசப் போன இடம் மாதிரி. சரியாகச் சொல்லாவிட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். நான் ஓரமாக நின்று பார்க்கிறவன்தான், கவலைப்படாதே.

புஷ்பராணியைப் பற்றி இன்னும் எழுது. அவளைக் கடைசியாகப் பார்த்தது அவள் கல்யாணப் பந்தலில். சித்தப்பா வீடு இருந்த சின்னத் தெரு, அந்த ஒழுங்கைக்கு என்ன பெயர்? கம்பெனியில் அவளுக்கு என்ன வேலை, எத்தனை மணிக்குப் போகிறாள், எந்த பஸ், தம்பியிடமிருந்து எப்படிச் செய்தி வருகிறது, என்ன நினைத்து அழுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள்? வயதாகிறது வள்ளி. சொந்தத்தைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்
அண்ணன் கனகசுந்தரம்


ஜார்ஜ்டவுன்
2.4.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். இவர் இப்போது சீனி இல்லாமல் கோப்பி குடித்துவிட்டு என்னை முறைக்கிறார்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்ல முயல்கிறேன், சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது. சித்தப்பா வீடு வயிரவர் கோயில் ஒழுங்கையில். இது தெரியாமல் நீங்கள் என்ன யாழ்ப்பாணத்தார்? புஷ்பராணி ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறாள். நீலக் கோடு போட்ட பஸ். வேலை, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கம்ப்யூட்டர் சிப்பில் வைத்து ஒட்டுவது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் செய்ய முடியும். எட்டு மணி நேரம் அதில் கண்ணை வைத்துவிட்டு வந்தால், தட்டில் இருக்கும் சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் தலையணை அளவு தெரியுதாம், எதை முதலில் எடுத்துச் சாப்பிடுவது என்று குழம்பிப்போகிறாளாம். சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள்.

தம்பியின் செய்தி கொழும்பில் ஒரு தூரத்துச் சொந்தத்துக்கு வந்து, அங்கிருந்து பேக்ஸில் இங்கே வரும். அவள் வீட்டுக்குக் கீழே யூசுப் என்று ஒரு தமிழ் முஸ்லிம் பையன், பையன் என்ன, முப்பத்தைந்து வயது இருக்கும், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். பேக்ஸ், ஜெராக்ஸ், இண்டர்நெட் எல்லாம் அவனிடம் உண்டு. பேக்ஸ் வந்தால் மாடிக்கு ஓடிவந்து கொடுப்பான். போன பேக்ஸில் விநாசித்தம்பி, வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு மூன்று கரும்பலகைத் துண்டுதான் இருக்கிறது, பாதிக் கணக்கை மணலில் எழுதுகிறோம் என்று எழுதியிருந்தான். அதை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறாள்.

போதுமா, பேராசிரியர் ஐயா?

வள்ளிநாயகி


ஜார்ஜ்டவுன்
20.6.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை. இரண்டரை மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அண்ணிக்கு ஏதும் முடியவில்லையா?

இங்கே புஷ்பராணிக்கு ஒரு தொல்லை வந்திருக்கிறது. மே மாதக் கடைசியில் அவள் வீட்டுக்கு ஒரு போன். ஆண் குரல், யாழ்ப்பாணத் தமிழ். வயிரவர் கோயில் ஒழுங்கைப் புஷ்பராணிதானே என்று கேட்டிருக்கிறான். ஓம் என்றிருக்கிறாள். அடுத்து, "ஆருக்கு அக்கா தகவல் குடுக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பிறகு மூன்று போன். அப்புறம் கதவுக்குக் கீழே ஒரு தாள். துரோகி என்ற ஒரே சொல்.

இந்தப் பேச்சு எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். எங்கள் பூமாலைக் குழு ருக்குமணி, பத்து வருடம் எங்களோடு பூக் கட்டியவள், புஷ்பராணி பக்கத்தில் உட்கார்ந்ததும் இலையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டாள். நான் கேட்டதற்கு, "எனக்கும் ஊர்ல அண்ணன் தம்பி இருக்காங்க வள்ளி, என்னைய விட்டுருலா" என்றாள்.

யாரோ பக்கத்திலிருந்து இவளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கம்பெனியில் கூட வேலை செய்யும் நோர்மாவா? அவளுக்கு ஒழுங்கை பெயர் எப்படித் தெரியும்? கோயில்காரர்களா? நான் எல்லார் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். உங்களுக்குத்தான் இந்த மாதிரி ஆட்களைப் பற்றித் தெரியும். உடனே எழுதுங்கள்.

வள்ளிநாயகி


லீட்ஸ்
1.7.1996

அன்பு வள்ளிக்கு,

நலம். கடிதம் இன்று காலை வந்தது, இன்றே எழுதுகிறேன்.

முதல் போன் சரியாக எந்தத் தேதி? எத்தனை மணி? "தகவல்" என்றானா, "செய்தி" என்றானா? வேறு ஏதாவது பெயர் சொன்னானா? கம்பெனி, பஸ், தம்பி இவற்றில் எதையாவது குறிப்பிட்டானா? கதவடியில் கிடந்த தாள் கையெழுத்தா, அச்சா? எல்லாவற்றையும் எழுது.

போலீசுக்குப் போக வேண்டாம். போனால் அது இன்னும் பெரிதாகும். அவள் யாரிடமும் எதையும் மறுத்துப் பேச வேண்டாம். சும்மா இருந்தால் தானாக அடங்கும். இப்படி அடங்கியதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

நீ நோர்மாவைச் சந்தேகிப்பது வீண். எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர்மேல்தான் கண். பேக்ஸ் முழுவதும் அவர் கையால் போய் வருகிறது. தம்பி பெயர், ஊர், ஒழுங்கை எல்லாம் அவர் பார்த்தவை. இண்டர்நெட்டும் வைத்திருக்கிறார். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. இனி அவரிடம் எதையும் கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்.

அண்ணி சுகமாக இருக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


ஜார்ஜ்டவுன்
10.8.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எங்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி யூசுப் விஷயத்தை முடித்தேன். முடித்தேன் என்றால், எங்கள் வக்கீலிடம் சொல்லி, வாடிக்கையாளரின் தனிப்பட்ட கடிதங்களை வெளியாருக்குக் கொடுத்ததாகச் சந்தேகம் என்று ஆபீஸ் தாளில் நோட்டீஸ் அடித்து அனுப்பினேன். அடுக்குமாடியில் அந்தச் செய்தி ஒரே நாளில் பரவிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளை அவன் கடைக்குப் போக விடுவதில்லையாம். எனக்கு இரக்கமே வரவில்லை, அவ்வளவு கோபம்.

ஆனால் அடங்கவில்லை, அண்ணா. ஜூலை 27ஆம் தேதி விநாசித்தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு பேர் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கே வந்து, அக்காவைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்களாம். வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். யார் அவர்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அங்கே கேட்கக்கூட யாருக்கும் வாயில்லை. இத்தனையும் கொழும்புச் சொந்தக்காரர் என் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னது. யூசுப் கடை வழியைத்தான் நான் அடைத்துவிட்டேனே.

அக்காவைப் பற்றி என்ன விசாரணை? அவள் பாயான் பாருவில் கம்பி ஒட்டுகிறவள். ஐந்து நாளாக வேலைக்குப் போகவில்லை. என் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறாள். நேற்று என்னிடம் கேட்டாள்: "நான் என்ன செய்தனான் எண்டு ஆரும் சொன்னால், அதுக்கு மன்னிப்புக் கேட்கலாம்தானே அக்கா?"

நீங்கள் அந்த ஆட்களை அறிந்தவர். யாரிடம் பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும்? காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

வள்ளிநாயகி


லீட்ஸ்
30.8.1996

அன்பு வள்ளிக்கு,

உன் கடிதம் என்னை நிலைகுலையச் செய்துவிட்டது. நான் நலம் என்று சொல்வது அழகில்லை.

நீ நினைப்பது போல எனக்கு அங்கே யாரையும் நேரில் தெரியாது. ஆய்வாளன் தான் ஆராயும் இடத்தில் கை வைக்கக்கூடாது என்பது விதி. கை வைத்தால் ஆய்வும் போகும், ஆட்களும் மறைந்துவிடுவார்கள். இருந்தாலும் வேறு வழிகளில் விசாரிக்கிறேன். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதச் சொல். விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

புஷ்பராணிக்குத் தைரியம் சொல். குழுவில் வந்ததெல்லாம் அவள் எழுதியதல்ல என்பது ஒருநாள் எல்லாருக்கும் விளங்கும். பெரும்பாலும் இப்படிப் பிடித்தவர்களை இரண்டு மூன்று மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். என் கையில் இருக்கும் பதினேழு சம்பவங்களில் பன்னிரண்டு அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

அண்ணன்


ஜார்ஜ்டவுன்
22.9.1996

அண்ணனுக்கு,

குழுவில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவில் என்ன வந்தது? புஷ்பராணி எதையோ எழுதினாள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நானும் உங்களுக்கு எழுதவில்லை. என் கார்பன் பிரதிகள் அத்தனையையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு வாரம் இந்த வரி என்னைத் தூங்க விடவில்லை.

போன திங்கட்கிழமை யூசுப் என் ஆபீசுக்கு வந்தார். ஒரு கையில் நான் அனுப்பிய நோட்டீஸ். இன்னொரு கையில் இரண்டு அங்குல உயரத்துக்கு அச்செடுத்த தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அக்கா, என் பேரு கெட்டுப் போச்சு. யாரு செஞ்சதுன்னு நானே தேடினேன். இத முதல்ல படிங்க, அப்புறம் என்னைய கோர்ட்டுக்கு இழுங்க" என்றார். ஒரு மாதமாகத் தேடி, அந்த மடற்குழுவின் பழைய மடல்களை எங்கோ பிடித்து, ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்.

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். குறிஞ்சி என்ற பெயரில் ஒரு பெண் எழுதுகிறாள். பினாங்கில் இருக்கிறாளாம். விதவையாம். தம்பி கணக்கு வாத்தியாராம், பிள்ளைகள் மணலில் கணக்கு எழுதுகிறார்களாம். எந்த ஊர் என்று ஒருவன் கேட்டதற்கு, வயிரவர் கோயில் ஒழுங்கை என்கிறாள். அப்புறம் ஏப்ரல் 15ஆம் தேதி மடல். "எட்டு மணி நேரம் கண்ணாடியில் கண்ணை வைத்துவிட்டு வந்தால் சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் தலையணை அளவு தெரியுது, எதை முதலில் எடுத்துச் சாப்பிடுவது என்று குழம்பிப்போகிறேன்."

என் வாயால் என் கடிதத்தையே படித்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. ஏப்ரல் 2ஆம் தேதி பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் என்று இருந்த இடத்தில் நான் என்று இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மே மாதத்தில் குறிஞ்சி எல்லாரையும் கேள்வி கேட்கிறாள். யார் முடிவெடுப்பது, பட்டியலில் பெயரை யார் சேர்ப்பது என்று. அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரன் ஒருவன் எழுதுகிறான்: வயிரவர் கோயில் ஒழுங்கையிலிருந்து பினாங்குக்குக் கல்யாணமாகிப் போனது ஒருத்திதான், பெயர் புஷ்பராணி, தம்பி விநாசித்தம்பி. நம் ஆட்களுக்கு ஒழுங்கையைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதானே. முப்பது வருடம் பேராசிரியராக இருந்தும் இது உங்களுக்குத் தெரியாமல் போனதா?

யூசுப்பிடம் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். நோட்டீஸைத் திரும்ப வாங்கி, வக்கீல் கையெழுத்தோடு வேறு கடிதம் கொடுத்து, அதை அடுக்குமாடி அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன். நீங்கள்தான் அவர்மேல் என்னை ஏவினீர்கள். அதை எழுதிய அன்று உங்களுக்கு உண்மை தெரியும்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். குறிஞ்சி என்பது நான், லீட்ஸில் இருக்கும் கனகசுந்தரம், புஷ்பராணிக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று உங்கள் பெயரில், உங்கள் பதவியோடு, அந்தக் குழுவில் எழுதுங்கள். விநாசித்தம்பி போய் ஐம்பத்தேழு நாள் ஆகிறது.

வள்ளிநாயகி


லீட்ஸ்
9.10.1996

வள்ளி,

நீ எழுதியது அத்தனையும் உண்மை.

ஒரு விளக்கம் சொல்ல விடு. ஓரமாக நின்று பார்க்க அந்தக் குழுவில் இடமில்லை. ஊரும் உறவும் சொல்லாமல் உள்ளே போக முடியாது. கற்பனையாக ஒரு பெண்ணை உருவாக்கி இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஒரே நாளில் கண்டுபிடித்துத் தள்ளிவிட்டார்கள். உண்மையான வாழ்க்கையாக இருந்தால்தான் நம்பினார்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். அது பெரிய பிழை. உள்ளே போனதால் இரண்டு கொலைத் திட்டங்களை முன்கூட்டியே அறிந்து சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். அவளாக எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. நம் ஆட்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். இங்கே முப்பது வருடத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

நீ சொன்னபடி என் பெயரில் எழுதினால் மூன்று வருட ஆய்வு அன்றே முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் விசாரணை வரும். அனுமதி இல்லாமல் செய்தேன், வேலை போகலாம். என் வீட்டு விலாசமும் அவர்களுக்குப் போகும். அதனால் வேறு வழி யோசித்தேன். குறிஞ்சி நோயில் இறந்துவிட்டாள் என்று அவளுடைய தோழி எழுதுவது போல ஒரு மடல் போட்டால், எல்லாரும் அதோடு விட்டுவிடுவார்கள். டிசம்பர் வரை நேரம் கொடு. கட்டுரையை முடித்துவிடுகிறேன்.

அண்ணன்


ஜார்ஜ்டவுன்
18.10.1996

அண்ணனுக்கு,

குறிஞ்சியை அவர்கள் புஷ்பராணி என்று எண்ணித்தான் அவள் தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவள் செத்துவிட்டாள் என்று எழுதினால், பிடித்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று பதினேழு சம்பவம் வைத்திருக்கிற நீங்கள் யோசிக்கவில்லையா?

எனக்கு டிசம்பர் வேண்டாம். தீபாவளி நவம்பர் 10. அன்று காலைக்குள் உங்கள் பெயரில் அறிவிப்பு வராவிட்டால், நானே எழுதுவேன். உங்கள் கடிதங்களையும் என் பிரதிகளையும் சேர்த்துப் போடுவேன். எப்படி அனுப்புவது என்று யூசுப் சொல்லிக்கொடுத்துவிட்டார். தங்கை இப்படி மிரட்டுகிறாளே என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

வள்ளிநாயகி


லீட்ஸ்
8.11.1996

அன்பு வள்ளிக்கு,

நேற்று எழுதிவிட்டேன். நீ சொன்ன சொற்களிலேயே எழுதினேன். என் பெயர், பதவி, பல்கலைக்கழகம் எல்லாம் போட்டேன். ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு மடல் வந்தது. படிக்கவில்லை. துறைத் தலைவரிடமும் நானே போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனி வகுப்பு எடுக்க வர வேண்டாம் என்றார். அண்ணி தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான்.

விநாசித்தம்பியைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? புஷ்பராணி எப்படி இருக்கிறாள்? இதையெல்லாம் அவளிடம் சொன்னாயா? வரும் தைப்பூசத்துக்குப் பினாங்கு வரலாம் என்று இருக்கிறேன். உன் வீட்டுக்கு வரலாமா?

அண்ணன்


ஜார்ஜ்டவுன்
29.12.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

இவருக்குச் சீனி குறைந்துவிட்டது. நான் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் ஆபத்து வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன், அது உண்மை.

விநாசித்தம்பியை டிசம்பர் 3ஆம் தேதி விட்டுவிட்டார்கள். உங்கள் அறிவிப்பைப் பார்த்து விடுவித்தார்களா, அவர்களுக்கே அலுத்துப்போய் விடுவித்தார்களா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆள் உயிரோடு இருக்கிறான். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வகுப்பில் போய் நிற்க முடியவில்லையாம். பிள்ளைகள் எல்லாரும் வாசலையே பார்க்கிறார்கள் என்கிறானாம். இப்போது வேறு ஓரிடத்தில் இருக்கிறான். எந்த இடம் என்று எழுத மாட்டேன்.

அவன் வந்த பிறகுதான் புஷ்பராணியிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் வீட்டில். என் பிரதிகளையும் உங்கள் கடிதங்களையும், யூசுப் அச்செடுத்த தாள்களையும் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அழவில்லை, திட்டவும் இல்லை. கடைசித் தாளை அடுக்கி வைத்துவிட்டு, "அண்ணை என்னட்டைக் கேட்டிருந்தா, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது எண்டு நானே சொல்லியிருப்பன், அக்கா" என்றாள். பிறகு எழுந்து தேநீர் போடப் போனாள்.

அது உங்களைப் பற்றி மட்டும் சொன்னதா, என்னையும் சேர்த்துச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் அள்ளி அள்ளி எழுதினேன். அவள் கால் கொப்பளித்ததையும் கைப்பையில் என்ன வைத்திருக்கிறாள் என்பதையும் உங்களுக்குச் சொல்ல எனக்கு யார் அனுமதி கொடுத்தது? நன்றாக எழுதுகிறேன் என்று நீங்கள் சொன்னதில் எனக்குப் பெருமை வேறு. நாலு மாதம் ஊரில் இருக்கும் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். என்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

தைப்பூசத்துக்கு வாருங்கள். வீட்டில் இடம் இருக்கிறது. புஷ்பராணி எப்படி இருக்கிறாள் என்பதை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்வாளா என்று தெரியாது.

இந்தக் கடிதத்துக்குப் பிரதி எடுக்கவில்லை. நேற்று இதை அவளிடம் கொடுத்து, அனுப்பலாமா என்று கேட்டேன். படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதி அனுப்புகிறேன்.

தங்கை
வள்ளிநாயகி